கணக்கில் வராத கொல்லைப்புறம்

மே மாதம் மூன்றாவது வாரம் நெருங்கினால் டொரண்டோவில் நம்மாட்களுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். விக்டோரியா தினத்துக்கு முன்னால் நாற்றை வெளியே வைக்காதே, உறைபனி அடித்துவிடும் என்பது இந்த ஊர் விதி. அந்த நீண்ட வார இறுதியில் கடைகளில் மண் மூட்டைக்கும் தக்காளி நாற்றுக்கும் வரிசை நிற்கும். கார் டிக்கியில் மாட்டெரு மூட்டை, பின் சீட்டில் கத்தரி நாற்று, அதன் பக்கத்தில் சீட் பெல்ட் போட்ட குழந்தை!

நான் படித்தது பி.காம்., வேலை பாங்கில். எதைப் பார்த்தாலும் வரவு செலவு போட்டுப் பார்க்கிற புத்தி. மண், எரு, நாற்று, கொடி ஏற்ற வலை, தண்ணீர் பில் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதி, செப்டம்பர் கடைசி வரை கிடைக்கிற காய்க்குக் கடை விலை போட்டு மறுபக்கம் எழுதினால் பெரும்பாலும் நஷ்டம்தான் வரும். இதை அடுத்த தெரு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "உது கணக்குப் பாக்கிற விசயமே, அண்ணை?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது சரித்திரப்படி பார்த்தாலும் சரிதான். வீட்டுக் கொல்லையில் விளையும் காய்க்கு எங்கள் பக்கம் யாரும் கணக்கு எழுதவில்லை. வெள்ளைக்காரன் எழுதவில்லை. பின்னால் வந்த நம் சர்க்காரும் சரியாக எழுதவில்லை. யுத்தமோ பஞ்சமோ வந்தால் மட்டும் எல்லாருக்கும் கொல்லைப்புறம் திடீரென்று ஞாபகம் வரும். ஊரில் சோறு கிடைத்ததும் மறந்துவிடுவார்கள். எங்கள் ஊரை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கஞ்சிக்கோடு. கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்தால் வாளையாறு தாண்டியதும் வரும். பாலக்காட்டுக் கணவாயின் வாய்க்குள் இருப்பதால் காற்றுக்குப் பஞ்சமில்லை. 1990-களின் நடுவில் கேரள மின் வாரியம் இங்கே காற்றாலை நட்டது சும்மா இல்லை. 1970-களிலிருந்து தொழிற்பேட்டை வேறு. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகிற ஊர். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்குத் தஞ்சாவூர்க்காரர் கொல்லை என்பார், இன்னும் சிலர் புழக்கடை என்பார்கள், யாழ்ப்பாணத்தில் வளவு. எங்களுக்கு மலையாள வாடையோடு தொடி.

தொடியில் என்ன இருக்கும்? தென்னை, பலா, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் நிரந்தரம். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற வழியில் வாழையும் சேம்பும். கிணற்றுப் பக்கம் பந்தல், அதில் புடலையோ பாகலோ. வேலியில் அவரை. எரு குழி ஓரத்தில் யாரும் போடாமலே முளைத்த மத்தன். இளவன் என்று நாங்கள் சொல்கிற வெள்ளைப் பூசணி கூரை மேல் ஏறிக்கொள்ளும். இதற்கெல்லாம் தோட்டக்காரன் கிடையாது, கூலி கிடையாது. வீட்டுப் பெண்கள் அடுப்படி வேலைக்கு நடுவில் பார்த்துக்கொள்வார்கள். விதையும் அவர்கள் கையில்தான். பூசணி விதையைச் சாணத்தில் பிசைந்து சுவரில் வரட்டி போல அப்பி வைப்பார்கள். கத்தரி விதைக்குச் சாம்பல். முற்றின வெள்ளரிக்காயை வாழைநார் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். எந்த விதையை எப்போது போடுவது என்பது எழுத்தில் கிடையாது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வாய்வழியாகப் போகும், சண்டை சச்சரவுக்கு நடுவில்.

இப்போது வரி கதைக்கு வருவோம். பாலக்காடு அப்போது சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லா கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1887-இல் எழுதிய மலபார் மானுவல் இன்றும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அட்சய பாத்திரம். அந்தக் காலத்து மலபார் நிலவரியில் வயலுக்கு ஒரு கணக்கு, தோட்டத்துக்கு ஒரு கணக்கு. தோட்டம் என்றால் முக்கியமாக மரம்தான்: தென்னை, கமுகு, பலா. மரத்தை எண்ணி வரி போட்டார்கள். மரத்தடியில் கிடந்த சேம்பையும் வேலியில் ஓடின அவரையையும் எந்த அதிகாரியும் குனிந்து பார்க்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான், எண்ணியிருந்தால் அதற்கும் வரி வந்திருக்கும். ஆனால் வரியில் இல்லாதது பதிவேட்டிலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு மலபாரில் தென்னைக்குக் கணக்கு தேடலாம். ஒரு குடும்பம் தன் தொடியில் விளைந்த காயை எத்தனை நாள் சாப்பிட்டது என்பதை அந்த வரிக் கணக்கில் தேட முடியாது.

முதல் ஞாபகம் வந்தது 1942-இல். மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் மூன்றுமே அந்த அரிசியை நம்பியிருந்த பகுதிகள். உடனே 'உணவு உற்பத்தியைப் பெருக்கு' என்று இந்திய அரசு ஒரு இயக்கம் ஆரம்பித்தது. அதன் கவனம் பெரும்பாலும் நெல், கோதுமை மேல்தான். அது சுதந்திரத்துக்குப் பிறகும் ஓடியது. 1952-இல் வி.டி.கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு அதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. தானியக் கணக்கு ஒரு பக்கம் ஓட, வீடுகளில் வயிற்றை ரொப்பியது மரவள்ளிக்கிழங்கு. அதைத் திருவிதாங்கூரில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அரை நூற்றாண்டு கழித்து அது ஊரைக் காப்பாற்றியது. பிரேசில் பக்கத்துக் கிழங்கு, கப்பையாகி, மலையாளியின் சொந்தச் சாப்பாடாகவே ஆகிவிட்டது.

அதே வருஷங்களில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் தமிழர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். ஜப்பான் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் வீட்டைச் சுற்றி இருந்த துண்டு நிலத்திலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்களில் சிலர் யுத்தம் முடிந்த பிறகு மரவள்ளியைக் கண்ணால் பார்க்கவே மறுத்தார்கள் என்று மலேசிய நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாம் இப்போது இருக்கிற கனடாவின் கதை வேடிக்கையானது. பிரிட்டனில் 1939-இலிருந்தே கொல்லையைக் கொத்திக் காய் போடச் சொல்லிப் பிரசாரம் நடந்தது. ஆனால் கனடா விவசாய இலாகா யுத்தத்தின் முதல் வருஷங்களில் நகரத்து ஜனங்களைத் தோட்டம் போடாதீர்கள் என்றே சொன்னது. தெரியாதவர்கள் இறங்கினால் விதையும் உரமும் கருவிகளும் வீணாகும் என்பது அதிகாரிகள் வாதம். ஜனங்கள் கேட்கவில்லை. 1943 வாக்கில் அரசே மனம் மாறி 'வெற்றித் தோட்டம்' போடச் சொல்லிப் போஸ்டர் ஒட்டியது. அமெரிக்காவில் 1943-இல் வெள்ளை மாளிகைப் புல்தரையிலேயே எலினார் ரூஸ்வெல்ட் காய்கறி போடவைத்தார். யுத்தம் முடிந்தது, பாத்திகள் திரும்பவும் புல்தரை ஆயின. இன்று நாம் மண்வெட்டியால் பெயர்க்கப் பாடுபடுகிற புல்தரை அந்தப் பரம்பரைதான். :-)

மறுபடி கஞ்சிக்கோட்டுக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கொல்லையில் என்ன விளைந்தது என்பதைவிடக் கொல்லை யாருக்கு இருந்தது என்பதுதான். மேலே நான் வர்ணித்த தொடி எல்லாருக்கும் இருந்ததில்லை. வயலில் வேலை செய்தவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர், ஜன்மியின் நிலத்து மூலையில் குடிசை போட்டுக்கொள்ள அனுமதி பெற்று வாழ்ந்தார்கள். மலையாளத்தில் அவர்களுக்குக் குடிகிடப்புக்காரர் என்று பெயர். குடிசை அவர்கள் கட்டியது, மண் இன்னொருவருடையது. வாசலில் ஒரு முருங்கைக் கொம்பு நட்டாலும், நாளைக்குப் போ என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969 திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தபோது இது மாறியது. குடிசையைச் சுற்றிப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், மாநகராட்சியில் 3 சென்ட் வரை அவர்களே வாங்கிக்கொள்ளலாம். விலை சந்தை மதிப்பில் ஒரு சிறு பங்குதான். சட்டம் வந்ததால் மட்டும் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழைப் பக்கம் அறவுகாட்டில் பெரிய மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து ஏ.கே.கோபாலன் போன்றவர்கள் முன்நின்ற போராட்டத்தில் ஜனங்கள் தாங்களே அளந்து வேலி கட்டினார்கள், அதற்குள் இருந்த தேங்காயைப் பறித்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள்.

10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. டொரண்டோ பக்கத்தில் நம்மவர்கள் முப்பது வருஷக் கடன் போட்டு வாங்குகிற பல வீடுகளின் மொத்த மனை இதைவிடச் சின்னது! பாங்க்காரன் கண்ணோடு சொல்கிறேன், 10 சென்ட்டை வைத்து யாரும் பணக்காரன் ஆகவில்லை. ஆனால் நான்கு தென்னை, ஒரு பலா, நாலு வாழை, வேலியில் அவரை, இரண்டு ஆடு, கோழி. கூலி இல்லாத கர்க்கடக மாதத்தில் (நம் ஆடி) அடுப்பு எரிய அது போதும். பத்திரம் இருந்தால் கடனும் கிடைக்கும். கொல்லைப்புறத்தைச் சட்டம் அளந்து எழுதின அபூர்வமான சந்தர்ப்பம் இது.

ஆனால் இதே கேரளத்தில் இடுக்கி மலையில் இருந்த தமிழர்களுக்கு அந்த 10 சென்ட் வரவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பில் விலக்கு. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனியின் பொறுப்பு. அதனால் வீடு கிடைத்தது, ஆனால் வேலையோடு ஒட்டிய வீடு. மூணாறில் லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசை வீட்டின் முன்னாலும் பின்னாலும் கையகலத் துண்டில் பீன்ஸ், முட்டைக்கோஸ், சௌசௌ என்று அழகாகப் போட்டிருப்பார்கள். ஓய்வு பெறும் நாளில் அந்தப் பாத்தியையும் சேர்த்து விட்டுப் போக வேண்டும். திருநெல்வேலி, தேனிப் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம், திரும்பிப் போக ஊரில் ஒன்றும் இல்லாத குடும்பம். 2015 செப்டம்பரில் 'பெண்பிள்ளை ஒருமை' என்று பெண்கள் தனியாகத் திரண்டு மூணாறில் மறியல் செய்தபோது கேட்டது போனஸும் கூலி உயர்வும். நில உரிமைக் கேள்வியும் அதன்பின் அங்கே ஓயவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனபோது, இவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்த மனை ஏன் இல்லை என்று நாடே கேட்டது.

இலங்கை மலையகத்துக் கதையும் இதன் அச்சுதான். அங்கே 2015-க்குப் பிறகு தனி வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி உறுதியோடு என்று வந்தது. நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இருநூறு வருஷ உழைப்புக்கு நாலரை சென்ட்! ஆனாலும் அதை வாங்கினவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பது லயத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிலம் கிடைத்தவர்கள் தொடியைத் தொடர்ந்தார்களா? எங்கள் பக்கம் பெரும்பாலும் இல்லை. காரணம் லாரி. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு அடங்கிய மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே மாநிலத்தின் பக்கத்துப் பக்கத்து ஜில்லாக்கள். அன்றைக்குப் பிறகு வாளையாறு மாநில எல்லை. 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கொண்டுவருவதே கடத்தல். காய்கறிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் சந்தைகளிலிருந்து ராத்திரி ஏற்றினால் விடியலில் கேரளத்தில் இறக்கிவிடலாம். வளைகுடாப் பணம் வந்தது, கூட்டுக் குடும்பம் பிரிந்து தொடி மூன்றாக நாலாக வெட்டுப்பட்டது, கான்கிரீட் வீட்டில் பூசணி ஏற ஓட்டுக்கூரை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிலோ கணக்கில் கிடைக்கும்போது யார் பந்தல் போடுவார்கள்? வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற காலம் எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிக வரிச் சாவடி எடுக்கப்பட்டது. பச்சைக் காய்கறிக்கு அதிலும் வரி கிடையாது.

அடுத்த ஞாபகம் பயத்தால் வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வுக்கூடம் 2013 முதல் சந்தைக் காய்களில் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. 2015-இல் தமிழ்நாட்டுக் காய் பற்றி இரண்டு மாநில அதிகாரிகளும் முறைத்துக்கொண்டார்கள். மாடியில் பை வைத்துக் காய் போடுவது கேரளத்தில் ஒரு அலையாகவே கிளம்பியது. 2014-இல் மஞ்சு வாரியர் நடித்து வந்த 'ஹவ் ஓல்ட் ஆர் யூ' ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் ஜோதிகா நடித்துத் தமிழில் '36 வயதினிலே'. மொட்டை மாடிக் காய்கறியால் தன்னை மீட்டெடுக்கிற பெண். அந்தக் கதாநாயகி வேலை செய்வது வருவாய்த் துறையில்! அவரை, பாகலை எந்த நாளும் எண்ணாத அதே துறை. கதை எழுதினவர்கள் இதை யோசித்து வைத்தார்களா தெரியாது, எனக்குத் தியேட்டரிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

2020 ஊரடங்கில் மறுபடி. லாரி வருமா வராதா என்ற பயத்தில் கேரள அரசு 'சுபிக்ஷ கேரளம்' அறிவித்து வீட்டுக்கு வீடு நடச் சொன்னது. 2022 ஜூனில் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டுத் தோட்டம் போடச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். 1970-களில் சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதி நின்றபோது மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தலைநிமிர்ந்தவர்கள், 1977-க்குப் பின் இறக்குமதி திறந்துவிட்டதும் விலை விழுந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

சரி, இத்தனைக்கும் நடுவில் அந்த வேலையைச் செய்த பெண்களைச் சர்க்கார் கணக்கு எப்படி எழுதியது? இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வில் ஒவ்வொரு ஆளுக்கும் என்ன வேலை என்று ஒரு எண் போடுவார்கள். 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு வீட்டு உபயோகத்துக்குக் கீரை, கிழங்கு, விறகு, மாட்டுத் தீனி சேகரிப்பது, தைப்பது போன்றவையும். இரண்டு எண்ணும் உழைப்பாளர் பட்டியலுக்கு வெளியே! அம்மா விடியற்காலை கிணற்றில் இறைத்துப் பந்தலுக்கு ஊற்றிய தண்ணீர் முழுவதும் அந்தக் கணக்கில் 'வேலையில் இல்லாதவர்' என்ற தலைப்பில் போகும். 2019-இல் நாடு முழுக்க முதல் தடவையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு எடுத்தார்கள். அதில் வீட்டுத் தேவைக்குக் காய்கறித் தோட்டம் பார்ப்பதற்கு என்று இடம் இருந்தது. அதற்குள் அதைத் தெரிந்த தலைமுறையில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அவர்களோடு போனது காலக் கணக்கும்தான். நம் ஊரில் வசந்தம் நடுகிற பருவமே இல்லை. சித்திரை வைகாசியில் கிணறு அடியைக் காட்டும். தைப்பட்டம், ஆடிப்பட்டம் இரண்டும்தான் விதைக்கிற காலம். விஷுக்கனிக்கு வைக்கிற வெள்ளரியைத் தை மாசி வாக்கில் வயலில் போட்டு, சித்திரைக்கு அறுப்பார்கள். மலையாளிகளுக்கு 27 நட்சத்திரத்துக்கும் ஞாற்றுவேலை என்று தனிக் கணக்கு. ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் கொம்பை ஒடித்து நட்டாலும் துளிர்க்கும் என்பார்கள்.

இங்கே வசந்தத்தில் நடுகிறோம், அதனால்தான் அவரை நம்மை ஏமாற்றுகிறது. நம் பழைய கொடி அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். பாலக்காட்டில் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிஷம் போலத்தான். டொரண்டோவில் ஜூனில் பதினைந்து மணிக்கு மேல். கொடி கோடை முழுக்க வேலி தாண்டி ஓடும், ஒரு பூ இருக்காது. செப்டம்பரில் பூ எடுக்கும், பிஞ்சு விடும்போது உறைபனி வந்து கருக்கிவிடும். மண்ணிலோ உங்கள் கையிலோ கோளாறு இல்லை. பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கிற குத்துச்செடி அவரை ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. விதை கேட்கும்போது செடி அவரை என்று சொல்லிக் கேளுங்கள். ஊரிலிருந்து விதை வந்தால் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கொடி அவரைதான் வேண்டும் என்கிறவர்கள் பெரிய தொட்டியில் வையுங்கள். ஆகஸ்ட் பிறந்ததும் தினமும் மாலை 6 மணிக்குக் கறுப்புத் துணியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டு கண்ணில் படும் வரை ஒரு நாளும் விடக்கூடாது.